ஒரே வயலுக்கு இரண்டு மண்வள அட்டை: எது சரி?

கேள்வி: எங்களுக்குக் கீழக்கரை பக்கம் ஒன்றரை ஏக்கர் மானாவாரி நெல் வயல் உள்ளது. சில ஆண்டுகளுக்கு முன் கொடுத்த மண்வள அட்டையில் துத்தநாகம் 0.52 பி.பி.எம்., குறைவு என்று இருந்தது. போன ஆண்டு நாங்களே மண் எடுத்துக் கொடுத்தோம். அதில் 4.10 பி.பி.எம்., போதுமானது என்று வந்தது. அதை நம்பி ஜிங்க் சல்பேட் போடவில்லை. பயிர் ஒரு மாதத்தில் பழுப்படித்துக் குட்டையாக நின்றுவிட்டது. உரக்கடையில் சொன்ன மருந்தை இரண்டு முறை அடித்தும் தேறவில்லை. நகையை அடகு வைத்துச் செய்த வெள்ளாமை. இரண்டு அட்டையில் எது பொய்? ஒரு பிடி மண்ணில் இவ்வளவு சிறிய அளவை எப்படித்தான் அளக்கிறார்கள்?
– திருப்புல்லாணி வட்டார வாசகி

பதில்: வாசகி கடிதத்தோடு இரண்டு அட்டைகளின் நகலையும் இணைத்து அனுப்பியிருக்கிறார். பாதி பதில் அந்த நகலிலேயே இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டாவது அட்டையை அவர் நம்பியதில் தவறில்லை. மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரியில் தொடங்கியபோது வயல்வாரியாக மண் எடுக்கவில்லை. கட்டம் கட்டமாகப் பிரித்து, இறவையில் இரண்டரை எக்டருக்கு ஒன்று, மானாவாரியில் 10 எக்டருக்கு ஒன்று என்றுதான் மாதிரி எடுத்தார்கள். பத்து எக்டர் என்றால் 25 ஏக்கர். அந்தக் கட்டத்துக்குள் இருந்த எல்லோருக்கும் ஒரே முடிவுதான் அச்சாகி வந்தது. "அது யாரோ ஒருத்தர் வயல் மண், இது நம்ம வயல் மண்" என்று குடும்பத்தில் பேசிக்கொண்டு இரண்டாவதை எடுத்துக்கொண்டார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

ஆனால் அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. முதல் அட்டையில் இரும்பு 7.1, இரண்டாவதில் 7.4. மாங்கனீசு 4.2, பிறகு 4.5. தாமிரம் 1.3, பிறகு 1.4. கார அமில நிலை இரண்டிலும் 8.4 தான். எல்லாம் ஏறக்குறைய அப்படியே இருக்க, துத்தநாகம் மட்டும் எட்டு மடங்கு ஏறியிருக்கிறது. வேறு வயலின் மண்ணாக இருந்தால் மற்றவையும் கொஞ்சமாவது மாறியிருக்க வேண்டும்.

இடையில் ஜிங்க் சல்பேட் போட்டதால் ஏறியிருக்குமா? அவர்கள் போடவில்லை. போட்டிருந்தாலும் கணக்கு ஒத்துவராது. ஒரு ஏக்கரில் உழவு ஆழத்து மண்ணின் எடை சுமார் 8 லட்சம் கிலோ. ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் போட்டால், அதில் 21 சதம் என்று 2.1 கிலோ துத்தநாகம் சேரும். 8 லட்சம் கிலோவுக்கு 2.1 கிலோ என்பது 2.6 பி.பி.எம். பயிர் ஒரு துளியும் எடுக்காமல், மண்ணும் ஒரு துளியும் பிடித்துவைக்காமல் இருந்தால்கூட 0.52 என்பது 3.1 ஆகலாமே தவிர, 4.10 ஆக வழியில்லை.

அப்படியென்றால் அந்தத் துத்தநாகம் வயலிலிருந்து வரவில்லை. வேறு எங்கிருந்து வந்தது? அந்த ஊர் உதவி வேளாண்மை அலுவலர் நேரில் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது.

"மண்ணை எதுலம்மா போட்டுக் கலந்தீக?"

"வாளியிலதான் சார். மாட்டுக்குத் தண்ணி காட்டுற வாளி. நல்லாக் கழுவிட்டுத்தான் போட்டோம்."

"எந்த வாளி, காட்டுங்க."

கொட்டிலில் கவிழ்த்து வைத்திருந்தது பழைய தகர வாளி. இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க நாகமுலாம் பூசியது. அந்த நாகம்தான் துத்தநாகம். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள வீடு. உப்புக் காற்று பட்டுப் பட்டு வாளியின் உள்பக்கம் முழுவதும் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டியது. அந்த மாவு முழுக்கத் துத்தநாகச் சேர்மம். சோதனைச்சாலைக் கரைசலில் எளிதாகக் கரையக்கூடியது.

எவ்வளவு மாவு போதும்? பதினைந்து இடத்தில் எடுத்த மண் மொத்தம் ஏழு கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். அதில் 0.52ஐ 4.10 ஆக்க 25 மில்லிகிராம் துத்தநாகம் போதும். ஒரு சிட்டிகை உப்பில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஈர மண்ணைப் போட்டுக் கையால் இரண்டு சுற்று கலக்கினாலே அது சேர்ந்துவிடும்.

ஆக, எந்த அட்டையும் பொய் சொல்லவில்லை. கருவி தன்னிடம் வந்த மண்ணில் இருந்ததைச் சரியாகவே அளந்திருக்கிறது. வயலின் துத்தநாகமும் வாளியின் துத்தநாகமும் அதற்கு ஒன்றுதான். பிளாஸ்டிக் தாம்பாளத்தில் கலந்து மூன்றாவது முறை கொடுத்த மாதிரியில் 0.61 வந்திருக்கிறது.

வாசகி கேட்ட இரண்டாவது கேள்வி, எப்படித்தான் அளக்கிறார்கள் என்பது. அட்டையில் உள்ள எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் இதில்தான் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

பி.பி.எம். என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு டன்னில் ஒரு கிராம். நெல்லில் ஒரு கிராம் என்பது சுமார் 40 மணி. ஒரு டன் நெல்லைக் களத்தில் கொட்டி, அதில் 40 மணிக்கு மட்டும் சாயம் தோய்த்துக் கலந்துவிட்டால் அது ஒரு பி.பி.எம். வாசகியின் வயலில் இருப்பது சுமார் 24 மணி. இதைத் தராசில் நிறுத்து எடுக்க முடியாது.

அதற்குத்தான் சோதனைச்சாலையில் ஒரு கருவி இருக்கிறது. அணு உறிஞ்சு நிறமாலைமானி என்பது புத்தகப் பெயர். சோதனைச்சாலையில் எல்லோரும் ஏ.ஏ.எஸ். என்றே சொல்வார்கள். மண்வள அட்டையில் துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு ஆகிய நான்கு எண்ணும் பெரும்பாலும் அதிலிருந்து வருபவை. தழைச்சத்தையும் மணிச்சத்தையும் அது அளப்பதில்லை. அவற்றுக்கு வேறு முறைகள் உண்டு.

மண்ணை அப்படியே கருவியில் போட முடியாது. மண்ணில் மொத்தத் துத்தநாகம் பல பத்து பி.பி.எம். இருக்கும். அதில் பெரும்பகுதி கல்லோடும் களியோடும் இறுகிக் கிடப்பது, வேருக்குக் கிடைக்காது. வேருக்கு எட்டக்கூடிய சிறு பங்கை மட்டும் பிரித்தெடுக்க டி.டி.பி.ஏ. என்ற மருந்தைப் பயன்படுத்துகிறார்கள். 10 கிராம் மண்ணில் 20 மில்லி கரைசலை ஊற்றி, இரண்டு மணி நேரம் குலுக்கி, தாளில் வடிகட்டுவார்கள். டி.டி.பி.ஏ. உலோக அணுவை இரு பக்கமும் கவ்விப் பிடித்து வெளியே இழுத்துவரும். இந்த வகை மருந்துகளுக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரே நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். கீழக்கரைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அமெரிக்காவின் கொலராடோவில் லிண்ட்சே, நார்வெல் என்ற இரண்டு மண்ணியலாளர்கள் 1978இல் வெளியிட்ட முறை இது. சுண்ணாம்பு மிகுந்த, காரத்தன்மை உள்ள மண்ணுக்கென்றே வகுத்தது என்பதால் நமது கடலோர மண்ணுக்கும் பொருந்துகிறது.

வடிகட்டிய நீரைக் கருவி மெல்லிய குழாய் வழியே உறிஞ்சிப் பனிபோலத் தூவி, நீண்ட சுடருக்குள் அனுப்பும். காற்றும் அசிட்டிலின் வாயுவும் சேர்ந்து எரியும் சுடர் அது. வெல்டிங் பட்டறையில் உள்ள அதே அசிட்டிலின்தான். வெப்பம் சுமார் 2,300 டிகிரி. அந்தச் சூட்டில் தண்ணீர் ஆவியாகி, உப்புகள் உடைந்து, உலோகம் தனித்தனி அணுவாகப் பிரிந்து மிதக்கும்.

அடுப்பில் சோறு பொங்கி வழியும்போது தீ சட்டென்று மஞ்சளாவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். கஞ்சியில் உள்ள உப்பின் சோடியம் சூட்டில் ஒளிர்வதுதான் அந்த மஞ்சள். சாம்பல்சத்தைச் சோதனைச்சாலையில் இப்படி ஒளிர வைத்துத்தான் அளக்கிறார்கள். ஆனால் துத்தநாகம் அந்தச் சுடரில் ஏறக்குறைய ஒளிர்வதே இல்லை. வேதியியலார் நெடுங்காலம் தடுமாறியது இந்த இடத்தில்தான்.

அதற்கு விடை கண்டவர் ஆலன் வால்ஷ். இங்கிலாந்தில் பிறந்து, ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் அரசு ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1952 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தன் வீட்டுக் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது யோசனை பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அணு வெளியிடும் ஒளியை ஏன் தேட வேண்டும், அது விழுங்கும் ஒளியை அளந்தால் என்ன என்பதே அந்த யோசனை. மறுநாளே சோதித்துப் பார்த்தார். 1955இல் கட்டுரையாக வந்தது. அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள், 1958இல், அதே நாட்டின் கான்பெராவில் டேவிட் என்ற ஆய்வாளர் இந்த முறையில் பயிரில் உள்ள துத்தநாகத்தை அளந்து காட்டினார். புதிய கருவி முதன்முதலில் கைகொடுத்த வேலைகளில் ஒன்று வயலுக்கானது என்பது விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

விழுங்குவது என்றால் என்ன? ஒவ்வொரு உலோகத்துக்கும் தனக்கென்று ஒரு ஒளி உண்டு. துத்தநாகத்தின் ஒளி 213.9 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத புற ஊதா. இரும்புக்கு 248.3, தாமிரத்துக்கு 324.8. கருவிக்குள் ஒரு சிறிய விளக்கு இருக்கிறது. துத்தநாகத்தை அளக்க வேண்டுமானால் துத்தநாகத்தாலேயே செய்த விளக்கைப் பொருத்துவார்கள். அதிலிருந்து துத்தநாகத்துக்கு உரிய ஒளி மட்டும் வரும். அந்த ஒளியைச் சுடரின் ஊடாகச் செலுத்தி மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்ப்பார்கள்.

இராமநாதபுரம் சாலையில் இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கை நினைத்துப் பார்க்கலாம். இடையில் புழுதி எழுந்தால் வெளிச்சம் மங்கும். புழுதி கூடக் கூட இன்னும் மங்கும். சுடரிலும் இதேதான், ஒரு வித்தியாசத்தோடு. துத்தநாக விளக்கின் ஒளியைத் துத்தநாக அணு மட்டுமே மறைக்கும். பக்கத்திலேயே அதைவிடப் பல மடங்கு இரும்பு மிதந்தாலும் அந்த ஒளியைத் தொடாது. பூட்டுக்கு ஏற்ற சாவி போல. மண் மாதிரி ஐம்பது பொருள் கலந்த கஷாயமாக இருந்தாலும் துத்தநாகத்தை மட்டும் தனியே எண்ண முடிவது இதனால்தான். இரும்பை அளக்க வேண்டுமானால் விளக்கை மாற்ற வேண்டும். அதனால் சோதனைச்சாலையில் வந்த மாதிரி எல்லாவற்றுக்கும் துத்தநாகத்தை முதலில் பார்த்து முடித்துவிட்டு, பிறகு விளக்கை மாற்றி இரும்பைப் பார்ப்பார்கள்.

ஒளி எவ்வளவு மங்கியது என்பது மட்டும் போதாது. அது எத்தனை பி.பி.எம். என்று யார் சொல்வது? அளவு தெரிந்த கரைசல்களைத் தயாரித்து முதலில் அவற்றைக் காட்டுவார்கள்: உலோகம் சேராத வெறும் கரைசல், பிறகு 0.2, 0.4, 0.8, 1.0 பி.பி.எம். என்று. சந்தையில் எடைக்கல்லைச் சரிபார்ப்பது மாதிரி. அந்த வரிசையோடு ஒப்பிட்டுத்தான் நமது மண்ணின் எண் வருகிறது. 10 கிராம் மண்ணுக்கு 20 மில்லி கரைசல் என்பதால் கருவி காட்டும் எண்ணை இரண்டால் பெருக்குவார்கள். வாசகியின் மூன்றாவது மாதிரியில் கருவி பார்த்தது 0.305 தான்.

கடலோரத்துக்கு மட்டும் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. உப்பு மிகுந்த மண்ணின் வடிநீரில் உப்புத் துகளும் சுடரில் மிதந்து ஒளியைச் சிதறடிக்கும். கருவி அதையும் துத்தநாகம் என்று எண்ணிவிடலாம்; 213.9 போன்ற குறுகிய அலையில் இந்தத் தொல்லை அதிகம். அதைக் கழிக்க டியூட்டீரியம் விளக்கு என்று இன்னொரு விளக்கு இருக்கிறது. உவர் நிலத்து மண்ணைக் கொடுப்பவர்கள் மாதிரிச் சீட்டில் 'உவர் நிலம்' என்று ஒரு வார்த்தை எழுதிவைத்தால் சோதனைச்சாலையில் இதைக் கவனித்துக்கொள்வார்கள்.

இவ்வளவு நுட்பமான கருவிக்கு முன்னால் நாம் மண் எடுக்கும் விதம்தான் மோட்டாவாக இருக்கிறது. தழை, மணி, சாம்பல் சத்துகளுக்கு மண் எடுக்கும்போது தகர வாளி ஒன்றும் செய்யாது. நுண்ணூட்டம் பார்க்க வேண்டும் என்றால் வாளி முதல் பை வரை எல்லாம் செய்யும். மண்வெட்டியால் ஆங்கில 'வி' வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டலாம். வெட்டியபின் மண்வெட்டி உரசிய பக்கத்தை மூங்கில் பத்தையாலோ மரக் கரண்டியாலோ சீவித் தள்ளிவிட்டு, அதற்கு உள்ளிருக்கும் மண்ணை மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் சுரண்டி எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளி அல்லது தாம்பாளத்தில் போட வேண்டும். எவர்சில்வர் பாத்திரமும் பரவாயில்லை. பித்தளை கூடாது, அது தாமிரமும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. கட்டியை உடைக்க உலக்கையைத் தேடுபவர்கள் பூண் போட்ட பக்கத்தைத் தவிர்க்க வேண்டும்; இரும்புக் கணக்கு ஏறிவிடும். மரக்கட்டையால் தட்டுவது நல்லது.

வரப்பு, வாய்க்கால், மர நிழல், எருக் குவித்த இடம், உர மூட்டை இறக்கிய இடம் ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். தகரக் கொட்டகையின் கூரைத் தண்ணீர் சொட்டும் இடமும் கூடாது. இதைப் பலரும் நினைப்பதே இல்லை. பத்துப் பதினைந்து இடத்து மண்ணைக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் கொண்டுவர வேண்டும். நிழலில் துணி விரித்து உலர்த்தலாம். பழைய உரச் சாக்கில் உலர்த்துவதும், உரப் பையில் போட்டுக் கொடுப்பதும் செய்யவே கூடாது. புதுத் துணிப்பை போதும். விவரச் சீட்டைப் பென்சிலால் எழுத வேண்டும். மை ஈரத்தில் கலங்கிவிடும்.

இனி, வாசகியின் பயிருக்கு என்ன ஆனது என்று பார்க்கலாம். இராமநாதபுரம் சீமையில் புரட்டாசியில் புழுதியில் விதைத்து, ஐப்பசி மழையில் தண்ணீர் நிற்கும்போது பயிர் பிடிக்கும். இந்தப் பழக்கத்தால் ஒரே வயலில் இரண்டு வேறு குறைகள் அடுத்தடுத்து வரக்கூடும். தண்ணீர் நிற்பதற்கு முன், காய்ந்த மண்ணில் இளம் இலைகள் வெளுத்து, முற்றினால் வெள்ளையாகவே மாறினால் அது இரும்புக் குறை. தண்ணீர் நின்றபின் மண்ணில் இரும்பு கரைந்து கிடைக்கத் தொடங்குவதால் இது பெரும்பாலும் தானே தெளிந்துவிடும். துத்தநாகம் இதற்கு நேர்மாறு. தண்ணீர் நிற்க நிற்க அது கிடைப்பது குறையும். இளம் இலையின் நடுநரம்பு அடிப்பக்கம் வெளுக்கும்; கீழ் இலைகளில் துரு நிறத்தில் புள்ளி தோன்றித் திட்டாகப் படரும்; பயிர் வயல் முழுக்க ஒரே சீராக இல்லாமல் அங்கங்கே குட்டையாக நிற்கும். வாசகியின் வயலில் இருந்தது இதுதான்.

துருப் புள்ளியைப் பார்த்ததும் நோய் என்று நினைத்து மருந்து அடிப்பது நாடெங்கும் நடந்திருக்கிறது. இமயமலை அடிவாரத்துப் பந்த்நகர் பகுதியில் 'கைரா' என்று உழவர்கள் அழைத்த நெல் நோயை ஆராய்ந்த நேனே என்பவர் பயிர்நோயியல் அறிஞர்தான். கிருமியைத் தேடப் போனவர், அது துத்தநாகக் குறை என்று 1966இல் தெரிவித்தார். உரக்கடைக்காரர் பூஞ்சாண மருந்தைக் கொடுத்ததற்கு அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அட்டையில் 'போதுமானது' என்று இருக்கும்போது அவர் வேறு என்ன நினைப்பார்?

அட்டையைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. தேசிய அளவில் துத்தநாகத்துக்கு 0.6 என்பதைக் குறைவின் எல்லையாக வைத்திருக்கிறார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நமது மண்ணுக்கு வைத்திருக்கும் எல்லை 1.2. ஆகவே 0.61 வந்த வாசகியின் மண் ஒரு கணக்கில் மயிரிழையில் தேறிவிடும். இன்னொரு கணக்கில் பாதிதான் இருக்கிறது. கார அமில நிலை 8.4 உள்ள மண்ணில் 1.2 என்ற எல்லையையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வரும் பருவத்தில் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ காய்ந்த மணலோடு கலந்து கடைசி உழவுக்குப் பின் சீராகத் தூவலாம். ஊட்டமேற்றிய தொழுவுரமோ பசுந்தாள் உரமோ போடுகிறவர்களுக்கு 5 கிலோ போதும். அடியுரமாகப் போடும் டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட்டோடு சேர்த்துக் கலக்கக் கூடாது. துத்தநாகமும் மணிச்சத்தும் ஒன்றையொன்று கட்டிப்போட்டுவிடும். இரண்டையும் தனித்தனியாக, இடைவெளி விட்டுப் போட வேண்டும். நின்ற பயிரில் குறை தெரிந்தால் 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட், 100 கிராம் யூரியா கலந்து மாலையில் இலைவழி தெளித்து, 15 நாள் கழித்து மறுமுறை தெளிக்கலாம். போன ஆண்டு வாசகி கொடுத்த மருந்துச் செலவில் ஒரு பகுதியே இதற்கு ஆகியிருக்கும்.

கேள்வி: கடற்பாசிச் சாறு தெளிக்கிறோம். அதிலேயே நுண்ணூட்டம் எல்லாம் இருக்கிறதாமே, ஜிங்க் சல்பேட் தனியாக வேண்டுமா?
– மண்டபம் வாசகர்

பதில்: கடற்பாசிச் சாறு பயிர் ஊக்கி என்ற வகையில் பயன் தரும். துத்தநாகக் குறைக்கு மாற்று ஆகாது. ஒரு லிட்டர் சாற்றில் 100 பி.பி.எம். துத்தநாகம் இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், மொத்தம் 100 மில்லிகிராம்தான் சேரும். ஏக்கருக்கு 200 லிட்டர் அரைச் சத ஜிங்க் சல்பேட் கரைசல் தெளித்தால் சேரும் துத்தநாகம் 210 கிராம், அதாவது இரண்டாயிரம் மடங்கு. இரண்டும் வேறு வேறு வேலைக்கு.

கேள்வி: ஜிங்க் சல்பேட் என்று மக்னீசியம் சல்பேட்டைக் கொடுத்துவிடுவதாகச் சொல்கிறார்கள். வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?
– கீழக்கரை வாசகர்

பதில்: பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரு கண்ணாடி டம்ளரில் சுத்தமான மழைநீரில் கொஞ்சம் ஜிங்க் சல்பேட்டைக் கரைக்க வேண்டும். இன்னொன்றில் டி.ஏ.பி.யைக் கரைத்துத் தெளிய வைத்து, தெளிந்த நீரை முதல் டம்ளரில் ஊற்ற வேண்டும். துத்தநாகம் இருந்தால் தயிர் திரிந்ததுபோலக் கட்டியான வெள்ளை வண்டல் உண்டாகும். வெறும் மக்னீசியம் சல்பேட்டாக இருந்தால் அப்படித் திரளாது. கிணற்று உப்புத் தண்ணீரில் இதைச் செய்தால் ஏமாற்றிவிடும். பாதிக்குப் பாதி கலப்படம் செய்திருந்தால் டம்ளர் சோதனையில் பிடிபடாது. சந்தேகம் இருந்தால் பில்லையும் பையையும் வைத்துக்கொண்டு வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். உர ஆய்வாளர் மாதிரி எடுத்து உரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார். ஏழு மூலக்கூறு நீருள்ள ஜிங்க் சல்பேட்டில் 21 சதத் துத்தநாகம் இருக்க வேண்டும் என்பது உரக் கட்டுப்பாட்டு ஆணையின் விதி. பை பிரிக்காததாக இருந்தால் நல்லது.